தட்டில் தொழில் மறக்கும் கல்லீரல்

1997ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த சர்க்கரை நோய் மாத்திரை ட்ராக்ளிடஸோன், 2000ல் வாபஸ் பெறப்பட்டது. காரணம், அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து உயிரே போனது. இப்படிப்பட்ட ஆபத்தை முன்கூட்டியே அறிய, கல்லீரல் செல்களைத் தட்டில் வளர்த்து அவற்றின் மீது மருந்தைச் சோதிக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். சிக்கல் அங்கேதான். உடலை விட்டு வந்த கல்லீரல் செல் உயிரோடு இருக்கும், தொழிலைத்தான் மறந்துவிடும். அல்புமின் சுரப்பது, மருந்தைச் சிதைப்பது எல்லாம் ஓரிரு வாரங்களில் படுத்துவிடும்.

ஹார்மோன்களை மாற்றி மாற்றி ஊட்டிப் பார்த்தார்கள். ஓரளவே பலன். 1989ல் பாஸ்டனில் ஜேம்ஸ் டன், மார்ட்டின் யார்முஷ் ஆகியோர் அடங்கிய குழு வேறு வழியில் யோசித்தது. கல்லீரலில் செல்லுக்கு இரு பக்கமும் தாங்கல் உண்டு. தட்டிலோ அடியில் மட்டும்தான். எனவே கொலாஜன் ஜெல் மீது எலியின் கல்லீரல் செல்களைப் பரப்பி, மேலே இன்னொரு அடுக்கு ஜெல்லை ஊற்றினார்கள். சாண்ட்விச், அவ்வளவுதான்! 6 வாரங்கள் வரை அல்புமின் சுரந்தது. ஒற்றை ஜெல்லில் ஒரு வாரம் கிடந்து சோர்ந்த செல்கள்கூட, மேல் அடுக்கைப் போட்டதும் ஓரளவு மீண்டன.

சாப்பாடு மாறவில்லை. மாறியது வடிவம். செல் வெறும் நீர்ப்பை அல்ல. கூடாரத்துக்குக் கம்பும் கயிறும்போல, உள்ளே ஆக்டின் முதலான புரத இழைகளாலான சட்டகம் இருக்கிறது. திறந்த தட்டில் செல் அப்பளமாகப் பரவுகிறது. ஆக்டின் இழைகள் அடிப்பக்கத்தில் விறைத்த கயிறுகளாகின்றன. சட்டகத்துக்கான புரதங்களைத் தயாரிப்பதிலேயே அதன் சக்தி போய்விடுகிறதோ என்றுகூடத் தோன்றும். சாண்ட்விச்சிலோ செல் பலகோண வடிவில் அடக்கமாக இருக்கிறது. இழைகள் ஓரச் சவ்வை ஒட்டி, பக்கத்து செல்லைத் தொடும் இடங்களில் திரள்கின்றன. 1993ல் பாஸ்டன் விஞ்ஞானிகள் இதைப் படமெடுத்தே காட்டினார்கள். பித்தநீர் வடியும் நுண்கால்வாய்கள் உருவாவதும் இந்த இடங்களில்தான்.

ஒரு மருந்து பித்தநீரில் எவ்வளவு வெளியேறும் என்று பார்க்க, மருந்துக் கம்பெனிகள் இன்று சாண்ட்விச் செல்களைப் பயன்படுத்துகின்றன. ஆனால் முழு வெற்றி என்று சொல்ல முடியாது. மருந்தைச் சிதைக்கும் சில நொதிகள் சாண்ட்விச்சிலும் நாளாக ஆகக் குறைகின்றன. நோயாளியின் ரத்தப் பிளாஸ்மாவை உடலுக்கு வெளியே பன்றிக் கல்லீரல் செல்கள் வழியே செலுத்தும் கருவியை 171 பேரிடம் பரிசோதித்த முடிவு 2004ல் வந்தது. மொத்தத்தில் பார்த்தால், உயிர் பிழைத்தவர்களின் விகிதம் குறிப்பிடும்படி உயரவில்லை.