எழுதிய வரிசையிலேயே விதிகள் ஓடுமா, தெரியுமா?

ஜாவாவில் ‘மின்னஞ்சல்’ என்று ஒரு ஃபீல்டு. அதற்கு மேலே மூன்று விதிகளை அடுக்குகிறீர்கள்: இல்லாமல் இருக்கக் கூடாது, நீளம் மீறக் கூடாது, வடிவம் சரியாக இருக்க வேண்டும். முதலில் எழுதியதுதான் முதலில் ஓடும் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! 2009இல் வந்த பீன் வேலிடேஷன் தரநிலை அந்த வரிசைக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. பிழைகள் திரும்பி வருவதும் ஒரு ‘செட்’டாக, அதில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை!

இன்னொன்று தெரியுமா? மதிப்பே இல்லாத ‘நல்’ வந்தால் நீள விதியும் வடிவ விதியும் ‘சரி’ என்று விட்டுவிடும். இந்த மூன்றில் அதைப் பிடிப்பது ‘இல்லாமல் இருக்கக் கூடாது’ என்ற ‘நாட்நல்’ விதி மட்டுமே. எது முதலில் ஓடினாலும் ஒரு குறைக்கு ஒரே பிழைதான் வரும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

வரிசை வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதற்குத்தான் விதிகளைக் குழுக்களாகப் பிரித்து வரிசைப்படுத்தும் ‘குரூப் சீக்வென்ஸ்’. முதல் குழுவில் ஒரு விதி தோற்றாலும் அடுத்த குழு ஓடவே ஓடாது! ‘இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா’ என்று டேட்டாபேஸைத் தட்டும் கனமான விதியைக் கடைசிக் குழுவில் வைத்தால், அரைகுறை முகவரிக்காக ஒரு க்வெரிகூட வீணாகாது.

ஜாவாவுக்கு வெளியே எப்படி? டாட்நெட்டில் ‘ரிக்வயர்டு’ தோற்றால் அந்த ப்ராப்பர்ட்டியின் மற்ற விதிகள் ஓடாது. ப்ராப்பர்ட்டிகளில் பிழை இருந்தால் முழு ஆப்ஜெக்டைச் சோதிக்கும் ‘வேலிடேட்’ மெத்தடும் ஓடாது. ஜாங்கோ ஃபார்மிலோ நேர் எதிர்! ஃபீல்டுகள் தோற்றாலும் கடைசி ‘கிளீன்’ ஓடியே தீரும். அதற்குள் தோற்ற ஃபீல்டைத் தேடினால் அது அங்கே இருக்காது. லாராவெலில் ஒரு ஃபீல்டின் சோதனை முதல் பிழையோடு நிற்க ‘பெய்ல்’ என்ற ஒரே சொல் போதும்.

வரிசை பிசகினால் என்ன ஆகும் தெரியுமா? மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வர், வந்த இணைய முகவரியில் மேல் ஃபோல்டருக்குத் தாவும் குறி இருக்கிறதா என்று முதலில் சோதித்தது; அதன் பிறகே குறியாக்கத்தை அவிழ்த்தது! மாற்றுக் குறியாக்கத்தில் ஒளிந்து வந்த சாய்கோடு காவலைத் தாண்டியது. 2000இல் வெளியே தெரிந்த ஓட்டை அது. ஒரு முறை சோதித்துவிட்டு மறுமுறையும் அவிழ்த்த இன்னொரு ஓட்டை 2001இல் வெளிவந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் உலகைச் சுற்றிய நிம்டா புழு இரண்டையும் பயன்படுத்தியது. சோதனை இருந்தது; இருந்த இடம்தான் தப்பு!

உங்கள் கிளாஸை இன்றே திறந்து பாருங்கள்: டேட்டாபேஸைத் தொடும் விதி எந்தக் குழுவில் நிற்கிறது?