கார் பெட்ரோல் குட்டி விமானத்துக்கு ஆகாதா?



தெங்கேரா வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்குக் குட்டி விமானங்களின் சத்தம் புதிதல்ல. பத்து பெரண்டாம் விமான நிலையத்தில் மலேசியன் ஃபிளையிங் அகாடமி பல ஆண்டுகளாக விமானிகளை உருவாக்கி வந்துள்ளது. விமானி ஆகும் கனவோடு அங்கே போன நம் பிள்ளைகளும் உண்டு. ஆகவே, "சாலையோரத்தில் கிடைக்கும் ரோன் 95 பெட்ரோலை இந்தச் சின்ன விமானங்களுக்கும் ஊற்றினால் என்ன? செலவு குறையுமே!" என்ற கேள்வி நியாயமானதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பெரிய பயணிகள் விமானங்களுக்குப் போடுவது பெட்ரோல் அல்ல. அது ஜெட் ஏ-1 எனப்படும் மண்ணெண்ணெய் வகை. பிஸ்டன் இயந்திரம் கொண்ட பெரும்பாலான சிறு விமானங்களுக்குத்தான் பெட்ரோல் தேவை. அவற்றுக்கென்றே 'அவ்காஸ் 100 எல்எல்' என்ற தனி பெட்ரோல் இருக்கிறது. அடையாளத்திற்காக அதற்கு நீல நிறம் சேர்க்கிறார்கள்.

<b>ஈயம் எதற்கு?</b>

இயந்திரத்தில் எரிபொருள் முறையாக எரியாமல் வெடித்தால் 'நாக்கிங்' ஏற்படும்.  வானத்தில் அது ஆபத்து. அதைத் தடுக்கவே அவ்காஸில் ஈயக் கலவை சேர்க்கப்படுகிறது. ஒரு லிட்டருக்கு 0.56 கிராம் ஈயம் வரை இருக்கலாம்.

கார் பெட்ரோலில் இருந்த ஈயத்தை உலகம் ஒழித்துவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021-இல் நிறுத்திக் கொண்டது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால் சிறு விமானங்களின் புகையில் அது இன்னமும் வந்துகொண்டிருக்கிறது.

<b>கார் பெட்ரோலில் பறந்த விமானங்கள்</b>

கார் பெட்ரோலில் விமானமே பறக்காது என்று நினைத்துவிட வேண்டாம். 1982-இல் அமெரிக்காவில் செஸ்னா 150 ரக விமானத்துக்குக் கார் பெட்ரோல் பயன்படுத்த முறையான அனுமதி கிடைத்தது. அதன் பிறகு வேறு பல பழைய ரகங்களுக்கும் கிடைத்தது. அழுத்தம் குறைந்த அந்த இயந்திரங்களுக்கு உயர்ந்த ஆக்டேன் தேவைப்படவில்லை. ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் 912 வகை இயந்திரங்களோ ஈயமில்லாப் பெட்ரோலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் அவ்காஸ் ஊற்றினால் ஈயம் படியும். இயந்திர எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டி வரும். ஜெர்மனியின் பல சிறு விமானத் திடல்களில் கார் பெட்ரோலும் விற்கிறார்கள்.

அப்படியானால் இங்கே தடை என்ன? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது வெப்பம். கார் பெட்ரோல் அவ்காஸைவிட எளிதில் ஆவியாகும். உச்சி வெயிலில் நின்ற விமானம் மேலே ஏறும்போது காற்றழுத்தமும் குறைவதால், குழாய்க்குள் ஆவி அடைத்து இயந்திரம் நின்றுபோகலாம். கார் என்றால் ஓரமாக நிறுத்தலாம். விமானத்தை எங்கே நிறுத்துவது?

இரண்டாவது எத்தனால். இந்தியாவில் 2025-இல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். பழைய ரப்பர் பாகங்களை அரிக்கும். இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. கண்ணாடிக் குழாயில் சிறிது தண்ணீர் விட்டு அளவைக் குறித்துக்கொண்டு, மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்க வேண்டும். அடியில் தண்ணீர் மட்டம் உயர்ந்தால் எத்தனால் கலந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது வியாபாரம். விமான நிலையத்தில் இன்னொரு எரிபொருள் விற்க வேண்டுமானால் தனித் தொட்டி, தனிக் குழாய், வடிகட்டி, அன்றாடப் பரிசோதனை, பதிவேடு எல்லாம் வேண்டும். வாங்குவதோ விரல்விட்டு எண்ணும் விமானங்கள். போதாததற்கு, எரிபொருள் மாறிப் போகும் அபாயமும் கூடுகிறது. அவ்காஸுக்கே இந்த நிலைதான். இந்தியா 2022 செப்டம்பரில்தான் அதை உள்நாட்டில் தயாரித்து அறிமுகப்படுத்தியது. அதுவரை இறக்குமதியை நம்பியிருந்தது.

<b>மாற்று வழி</b>

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்திற்கு அருகில் வாழும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈய அளவு கூடுதலாக இருப்பதை 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2022 ஜனவரி முதல் அங்கே ஈயம் கலந்த எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. அதே 2022-இல் ஈயமில்லாத ஜி100யுஎல் எரிபொருளுக்கு அமெரிக்க விமானத் துறை ஒப்புதல் தந்தது. பின்னர் அது விமானத்தின் சாயத்தைக் கெடுக்கிறது என்ற புகார்களும் எழுந்தன. 2030-க்குள் ஈயத்தை விடுவது அந்நாட்டின் இலக்கு. டீசல் வகை இயந்திரம் பொருத்தி ஜெட் ஏ-1 எரிபொருளிலேயே பறக்கும் பயிற்சி விமானங்களும் வந்துவிட்டன.

ஆகவே நேயர்களே, இயந்திரத் தயாரிப்பாளரும் வான் போக்குவரத்து ஆணையமும் அனுமதிக்காத எரிபொருளை விமானத்தில் ஊற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். அதேவேளை, இருப்பதே போதும் என்று இருந்துவிடவும் கூடாது. பிள்ளையை விமானப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், கட்டணத்தோடு சேர்த்து, "உங்கள் விமானங்களுக்கு என்ன எரிபொருள்? ஈயமில்லா எரிபொருளுக்கு எப்போது மாறுவீர்கள்?" என்றும் கேளுங்கள். விமான நிலையத்தைச் சுற்றி வாழ்வோர் காற்றிலும் மண்ணிலும் ஈய அளவைச் சோதிக்கச் சொல்லிச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுங்கள். நம் பிள்ளைகள் வானில் பறக்கட்டும். கீழே விளையாடும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும்.