கழுவெளியில் நிழற்படக் கலை

விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்பால், வங்கக் கடலை ஒட்டி அமைந்த தொன்மையான ஊர் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்து. உமணர் வண்டிகளில் உப்பேற்றிச் சென்ற காலம் கழிந்தது; ஆயினும் பாத்தி கட்டி உப்பு விளைக்கும் தொழில் இன்றும் இங்கு நடைபெறுகின்றது.

உப்பளங்களை அடுத்துப் பரந்து கிடப்பது கழுவெளி ஏரி. ஒருபால் மழைநீர் வந்து தேங்க, மற்றொருபால் எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடல்நீர் ஏறிவந்து கலக்கும். ஏறத்தாழ 5,151 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரி 2021-ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி வரும் கருவால் மூக்கன் முதலிய பறவைகள் இச்சேற்றில் இரை தேடும். அவற்றைக் காண வருவோருள் நிழற்படம் எடுப்போர் பலர்.

உயிர்களை அவை வாழுமிடத்திலேயே படம்பிடிக்கும் கலை பழைமையானதன்று. இங்கிலாந்தில் கியர்ட்டன் உடன்பிறப்பாளர் இருவர் 1892-இல் பறவைக் கூடொன்றைப் படம் எடுத்தனர். பின்னர், பறவைகள் மிரளாதிருக்க எருதின் தோலால் உருவம் சமைத்து, அதனுள் ஒளிந்திருந்தும் படம் பிடித்தனர்! நம் நாட்டில் இத்துறையில் புகழ்பெற்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தமக்கெனக் கருவி ஒன்று அமைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படங்களையே பெரிதும் விரும்பினார். விலை மிக்க கருவி இருந்தால் போதும் என்பார் இவரை நினைத்தல் நன்று.

உப்பளத்தின் ஒளி எளிதில் வசப்படாது. காலையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்க்குப் பறவையின்மேல் நேரொளி விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் பறவை கரிய நிழலுருவாகவே பதியும். அதுவும் ஓர் அழகே. உப்புக் குவியலைப் படமெடுத்தால் வெண்மை சாம்பல் நிறமாகிவிடுவதுண்டு. வெண்மை மிகுதியைக் கண்ட ஒளிமானி, ஒளி மிகுந்துவிட்டது எனக் கருதிக் குறைத்துவிடுவதே இதன் காரணம். ஆதலின் ஒளியைச் சற்றுக் கூட்டி வைத்தல் வேண்டும். நண்பகலில், சூடேறிய தரையினின்று எழும் காற்று நீர்போல் அலையும். அப்பொழுது தொலைவிலுள்ள பறவையைத் தெளிவாகக் காட்டவல்ல வில்லை எதுவும் இல்லை.

ஒளியினும் அரியது, எவ்வளவு நெருங்கலாம் என அறிவது. நாள்தோறும் கரையில் நடமாடும் தொழிலாளரைப் பறவை பொருட்படுத்துவதில்லை. தன்னை உற்றுநோக்கி நேரே வரும் புதியவரைக் கண்டால் எழுந்து பறக்கும். கூட்டமாய்ப் பறக்கும் காட்சியை விரும்பி வேண்டுமென்றே விரட்டுவாரும் உளர். பல்லாயிரம் கல் திரும்பிப் பறத்தற்கு வேண்டிய கொழுப்பை இச்சேற்றில்தான் பறவை சேர்க்கின்றது. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அச்சேமிப்பில் ஒரு பங்கு செலவாகின்றது; மேயும் நேரமும் குறைகின்றது. படமெடுப்பவர் கரையோரத்தே அசையாது அமர்ந்திருந்தால், சில வேளைகளில் பறவை தானே அருகில் வரும். காப்பிடத்தினுள் படமெடுக்க வனத்துறையின் இசைவு வேண்டும்.

கூடுகளின் அருகே இன்னும் விழிப்பு வேண்டும். பவழக்கால் உள்ளானும் ஆட்காட்டியும் மரத்தில் கூடு கட்டுவன அல்ல. வெறுந்தரையிலும் வரப்பிலும் முட்டையிடுவன. மண்ணோடு மண்ணாய்த் தோன்றும் அம்முட்டைகளை மிதித்த பின்னரே அறிவாரும் உண்டு. ஆள் நெருங்கினால் தாய் எழுந்து தலைக்குமேல் வட்டமிட்டுக் கதறும். அந்நேரம் முழுதும் முட்டைகள் வெயிலில் கிடக்கும். காக்கையும் பருந்தும் அவற்றைக் கண்டுகொள்ளும். கதறும் பறவையின் படம் காண்பார்க்கு அழகாய்த் தோன்றலாம். பறவையியல்பு அறிந்தவரோ, அக்குரல் கேட்டவுடன் கருவியைத் தாழ்த்தி வந்த வழியே திரும்புவர். அவர் போதிய தொலைவு விலகியபின், தாய் தரையிறங்கித் தன் முட்டைகளின்மேல் அமரும்.