கிளவுஸ் வாங்கப் போறீங்களா? பையன் கையையும் கூட்டிட்டுப் போங்க!

நெல்லைச் சீமையில் பிசானம் அறுத்து முடித்தால் பையன்களுக்குக் கொண்டாட்டம்தான். தாள் நிற்கிற வயலெல்லாம் கிரிக்கெட் மைதானம். சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் சாயங்கால பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே நாலு மேட்ச் பார்த்துவிடலாம். ஜூனில் பாபநாசம் தண்ணீர் வந்து கார் நடவு தொடங்கும் வரைக்கும் அவர்கள் ராஜ்ஜியம்தான்.

டென்னிஸ் பந்தில் ஆடும் வரைக்கும் வம்பு இல்லை. வெறுங்கையே போதும். யாராவது ஒரு பையன் ஸ்டிச் பந்தை வாங்கிவந்துவிட்டால்தான் விவகாரம். மறுநாளே அப்பா கையைப் பிடித்துக்கொண்டு விளையாட்டுச் சாமான் கடைக்குப் படையெடுப்பு!

"அண்ணாச்சி, பயலுக்கு ஒரு கிளவுஸ் கொடுங்க. ரெண்டு சைஸ் பெருசா இருக்கட்டும். வளர்ற புள்ள. ரெண்டு வருசம் வரும்லா!"

இங்கேதான் தப்பு நடக்கிறது.

யூனிபாரம் தாராளமாக எடுக்கலாம். செருப்பைக்கூட ஒரு விரற்கடை கூட்டி வாங்கலாம். கிளவுசை அப்படி வாங்கக் கூடாது. விரல் நுனிக்கு மேலே உறை காலியாக நின்றால், பந்து பட்டதும் அந்தக் காலி நுனி மடங்கும். அதோடு சேர்ந்து விரலும் மடங்கும். விலையில் மிச்சம் பிடித்தது விரலில் போய்விடும்.

பத்துப் பேருக்கு வெறுங்கை

கிரிக்கெட்டில் பந்து பிடிக்க கிளவுஸ் போடும் உரிமை 11 பேரில் ஒருவருக்குத்தான். விக்கெட் கீப்பர்! மற்ற 10 பேரும் வெறுங்கைதான். விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு பீல்டிங் நிற்பதென்றால்கூட அம்பயரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீறினால்? 2022 ஜூனில் முல்தானில் பாகிஸ்தானுக்கும் வெஸ்ட் இண்டீசுக்கும் ஒருநாள் ஆட்டம். பாகிஸ்தான் கேப்டன் பாபர் ஆசம், கீப்பரின் கிளவுசில் ஒன்றை மாட்டிக்கொண்டு பந்தைப் பிடித்தார். அம்பயர் பார்த்துவிட்டார். வெஸ்ட் இண்டீசுக்கு 5 ரன் இனாம்!

அமெரிக்காக்காரர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் கதையே வேறு. அவர்கள் பந்து 142 முதல் 149 கிராம். நம் ஸ்டிச் பந்து 156 முதல் 163 கிராம். கனம் நம்முடையதுதான் கூடுதல். ஆனாலும் அங்கே பந்து பிடிக்க நிற்கும் 9 பேருக்கும் உறை உண்டு. அதிலும் நிற்கிற இடத்துக்குத் தக்கபடி உறை மாறும்.

அடிப்பவர் முதுகுக்குப் பின்னால் குந்தி இருப்பவருக்கு விரல் பிரிவே இல்லாத, மெத்தை போன்ற வட்ட உறை. தூரத்தில் நிற்பவருக்கு எட்டிப் பிடிக்க நீளமான உறை. கிட்டத்தில் நிற்பவருக்கு மட்டும் சின்ன உறை. ஏன்? பிடித்த பந்தை உறைக்குள் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. எடுத்த கையோடு எறியவேண்டும். பந்து வீசுபவர் உறையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சந்து தெரியாது. பந்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று எதிராளி பார்த்துவிடக் கூடாதாம்!

ஆரம்பத்தில் அவர்களும் வெறுங்கைதான். 1875 வாக்கில் சார்லஸ் வெய்ட் என்ற ஆட்டக்காரர், உறை போட்டது தெரியாமல் இருக்க சதை நிறத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். அப்போது கிளவுஸ் போடுவது அத்தனை வெட்கம்.

எது உள்ளங்கை, எது புறங்கை?

நம் ஊருக்கு வருவோம். "எந்த கிளவுசா இருந்தா என்ன, கைக்குத்தானே" என்று பேட்டிங் கிளவுசை மாட்டிக்கொண்டு கீப்பிங் நிற்கிற பையன்கள் உண்டு. இரண்டும் நேர் எதிர் என்பது அவர்களுக்குத் தெரிவது இல்லை.

பேட்டிங் கிளவுஸ் புறங்கையைக் காப்பது. மெத்தை எல்லாம் வெளிப்பக்கம். மட்டையைப் பிடிக்கவேண்டுமே, அதனால் உள்ளங்கையில் மெல்லிய தோல் மட்டும். கீப்பர் கிளவுஸ் உள்ளங்கையைக் காப்பது. உள்பக்கம்தான் மெத்தை, அதன்மேல் புள்ளி புள்ளியாக ரப்பர். பேட்டிங் கிளவுசோடு கீப்பிங் நிற்பவன் ஏறக்குறைய வெறுங்கையோடு நிற்பவன்தான்.

கீப்பர் கிளவுஸ் வாங்குகிறவர் முதலில் இன்னரை வாங்கவேண்டும். உள்ளே போடும் மெல்லிய உறைதான் இன்னர். அதை மாட்டி, அதன்மேல் கிளவுசை மாட்டிப் பார்க்கவேண்டும். வெறுங்கைக்கு கச்சிதமாக இருக்கிறதே என்று வாங்கிப்போனால், வீட்டில் இன்னரோடு கை நுழையாது. விரல் நுனி உறையின் நுனியை ஒட்டி நிற்கவேண்டும். கட்டைவிரலை விரித்தால், ஆள்காட்டி விரலுக்கும் அதற்கும் நடுவே உள்ள துண்டு தொய்யாமல் நிற்கவேண்டும். அந்த ஒரு சந்தில் மட்டும்தான் துண்டு இருக்கலாம். மற்ற விரல்களையும் சேர்த்துத் தைத்துக் கூடை மாதிரி பண்ணினால் சட்டப்படி செல்லாது.

புது கிளவுஸ் முறைப்பாகத்தான் இருக்கும். வாங்கிய அன்றே மேட்சில் இறங்காமல், நாலைந்து நாள் மெதுவாக எறியச்சொல்லிப் பிடித்துப் பழக்கவேண்டும்.

இடது கைக்காரன் பாடு

பேட்டிங் கிளவுசில் இன்னொரு சங்கதி. வலது கை ஆட்டக்காரருக்கு வலது கை மட்டையின் கீழ்ப்பக்கம் இருக்கும். அந்தக் கீழ்க்கையின் முதல் இரண்டு விரலுக்கு மட்டும் காப்பு கூடுதலாக வைத்துத் தைப்பார்கள். இடது கை ஆட்டக்காரருக்கு எல்லாம் தலைகீழ். அவர் வலது கை ஜோடியை மாட்டினால் அடிபடும் விரலுக்குக் காப்பு குறைந்துவிடும். இடது கை ஜோடி எல்லாக் கடையிலும் கைவசம் இருக்காது. சொல்லி வைத்து வாங்கவேண்டும்.

பக்கத்து கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அங்கே கோல் கீப்பரின் இரண்டு கையுமே வேறு வேறு. இடது கையில் பந்தைத் தடுக்கப் பலகை போன்ற உறை. வலது கையில் மட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் உறை.

காசு சேர்த்து ஆடும் ஊர் டீம்களில் கிளவுஸ் டீமுக்குச் சொந்தம், கைக்குச் சொந்தம் இல்லை. ஒரே ஜோடி, பெரிய அண்ணன் அளவு. 13 வயசுப் பையன் கீப்பிங் நின்றாலும் அதுதான். முடிந்தால் சின்னவர்களுக்கு ஒரு தனி ஜோடி. அதுவும் முடியாவிட்டால் அவர்களை டென்னிஸ் பந்தோடு நிறுத்திக்கொள்வதே மேல். இன்னரை மட்டுமாவது ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வேர்வையில் இன்னொருவர் கை நுழைக்கவேண்டாம்.

நுனி தொங்கினால்...

பந்து விரல் நுனியில் நேராகக் குத்தினால், நுனியை நிமிர்த்தும் நரம்பு அறுந்துபோவது உண்டு. வலி பெரிதாக இருக்காது. நுனி மட்டும் தலை கவிழ்ந்து நிற்கும். தானாக நிமிராது. பையன் வீட்டில் சொல்லமாட்டான். சொன்னால் ஆட்டம் போச்சே! சொன்னாலும் "எண்ணெய் போட்டு நீவி, ஒரு இழுப்பு இழுத்தா சரியாயிரும்" என்பார்கள். இழுக்கவே கூடாது. வளரும் பிள்ளைக்கு எலும்பு வளரும் இடமே விலகியிருக்கலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியோ, பக்கத்து டாக்டரோ, உடனே காட்டி எக்ஸ்ரே எடுக்கவேண்டும். நரம்பு மட்டும் என்றால் பெரும்பாலும் விரலை நிமிர்த்திப் பட்டை கட்டி 6 முதல் 8 வாரம் வைப்பார்கள். நடுவில் ஒரு நாள் அவிழ்த்து மடக்கினாலும் கணக்கு முதலில் இருந்து!

2016ல் டி.என்.பி.எல். தொடங்கியபோதே சங்கர் நகர் மைதானத்தில் ஆட்டம் நடந்தது. பெரிய கீப்பர்களைக் கிட்டத்தில் பார்த்துவிட்ட பையன்கள், அவர்கள் மாதிரியே கிளவுசைத் தட்டிக்கொண்டு திரிகிறார்கள். தட்டட்டும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் தூசியை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தவேண்டும். நெல்லை வெயிலில் மொட்டை மாடியில், அம்மாவின் வடகத்தோடு சேர்த்துக் காயப்போட்டால் தோல் விறைக்கும், ரப்பர் வெடிக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிடிக்கிற பந்தெல்லாம் வழுக்கிக்கொண்டு பவுண்டரிக்குப் போகும்.