ஓடும் இல்லம்

வீடென்பது நிலத்தில் நிலைபெற்று நிற்பது என்றே நம்மிற் பெரும்பாலோர் கருதுகின்றோம். ஆயினும் தருமபுரிக்குப் புறத்தே நெடுஞ்சாலையோரத்தில் ஒரு நாழிகை நின்று, அங்கு நிறுத்தப்பட்டிருக்கும் லாரிகளை உற்று நோக்குவார்க்குச் சக்கரங்களின்மேல் அமைந்த வீடுகளும் உளவென்பது புலனாகும். ஒரு லாரியின் பக்கத்தே ஈரத்துணி உலரும். மற்றொன்றின் நிழலில் உலை கொதிக்கும். வேறொன்றில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னுள்ள பலகையில் ஒருவர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருப்பார். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஜில்லாவினூடே செல்லுதலின் இக்காட்சி நமக்குப் புதிதன்று. நாமக்கல், சங்ககிரி முதலிய ஊர்களினின்று புறப்படும் லாரிக்காரர் பல நாள் வீடு திரும்புவதில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு வண்டிகளுடன் செல்வோரோ வெளி மாகாணங்களில் மாதக்கணக்காகத் தங்கிவிடுகின்றனர். அவர்கள் அச்சிறிய இடத்தைக் குடியிருப்புக்கு ஏற்றதாக்கிக் கொள்ளத்தக்க உபாயங்கள் சிலவற்றையும் அவற்றின் காரணங்களையும் ஈண்டு ஆராய்வோம்.

மேனாட்டில் இத்தகைய வாசத்தைப் பலர் விநோதத்தின்பொருட்டே மேற்கொள்ளுகின்றனர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் அமைந்த மோட்டார் வண்டிகளை அமெரிக்கர் 'ஆர்.வி.' என்று வழங்குவர். ஜான் ஸ்டைன்பெக் என்னும் பெயர் பெற்ற நாவலாசிரியர் 1960 ஆம் ஆண்டில் இத்தகைய வண்டியொன்றில் தம் நாயைத் துணையாகக் கொண்டு அந்நாட்டைச் சுற்றிவந்தார். மூடியுள்ள ஒரு வாளியில் அழுக்குத் துணிகளையும் சோப்பு நீரையும் இட்டு, இழுபடுங் கயிற்றினால் அதனை வண்டிக்குள் அவர் தொங்கவிட்டிருந்தார். வண்டி செல்லச் செல்ல, சாலையின் குலுக்கலே துணிகளைத் துவைத்தது! இதற்கு நம் லாரியிலும் தடையொன்றுமில்லை. சுவர்ச்சாயம் வரும் பெரிய வாளியொன்றை நன்கு கழுவி, இறுக மூடும் மூடியுடன் வைத்துக்கொண்டாற் போதும். வாளியைப் பாதிக்குமேல் நிரப்பலாகாது. துணி புரள இடமில்லாவிடில் அழுக்கு நீங்காது. நம் சாலைகளின் மேடுபள்ளங்களால் விளையும் நன்மை இஃதொன்றேயாகலாம்.

லாரியில் வாழ்வாரை மிகவும் வருத்துவது வெப்பமே. பகலில் உறங்கி இரவில் ஓட்டுவோர்க்கு, சித்திரை வெயிலிற் காய்ந்த இரும்புக் கூரை தலைக்குமேல் அடுப்புப் போலாகிறது. கூரைமேல் ஈரச்சாக்கை விரித்தல் பழைய வழக்கம். அது குளிரச் செய்யுமாயினும் விரைவில் உலர்ந்துவிடும். உலர்ந்த சாக்கு கூரையோடு ஒட்டிக் கிடந்தால் பயன் சிறிதே. இதனினும் மேலான வழியொன்று உண்டு. வண்டியை நிறுத்தியபின் கூரைமேல் இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்கே வைத்து, அவற்றின்மேல் கீற்றுத்தட்டியையாவது தார்ப்பாயையாவது விரித்துக் கட்டுதல் வேண்டும். தட்டிக்கும் கூரைக்கும் இடையே நான்கு விரற்கடை வெளியிருப்பின், தட்டி வெயிலைத் தாங்கிக்கொள்ள, இடையிலுள்ள காற்று சூட்டை அகற்றிச் செல்லும். கூரையின்மேற் பந்தலிட்டாற்போன்ற பயன் இதனாற் கிடைக்கும். வண்டி புறப்படுமுன் அதனை மறவாது அவிழ்த்துவிட வேண்டும்.

குடிநீரைக் குளிரச் செய்தற்கும் ஈரச்சாக்கே உற்ற கருவி. நீர் ஆவியாகுங்கால் தன்னைச் சூழ்ந்துள்ள பொருளினின்று வெப்பத்தைக் கவர்கின்றது. ஒரு லிட்டர் நீர் ஆவியாதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். பத்து லிட்டர் நீரைப் பத்துப் பாகை குளிர்விக்க அகற்றவேண்டிய வெப்பமோ 100 கிலோகலோரியே. ஆகவே கணக்கின்படி, சாக்கிலுள்ள நீரில் கால் லிட்டருக்கும் குறைவாகவே ஆவியானாற் போதும். வெளிச்சூடு உட்புகுதலின் நடைமுறையிற் சற்று மிகுதியாகச் செலவாகும். நீர்க்கேனைச் சாக்கினாற் சுற்றி நனைத்து, நிழலில் காற்றுப் படும்படி கட்டுதல் முறை. சாக்கை வெயிலிற் காயவிடுவோர் பயனைப் பாதியாக்கிக் கொள்ளுகின்றனர். வறண்ட காற்றுடைய நம் ஜில்லாவில் இவ்வுபாயம் நன்கு பலிக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களிற் காற்றில் ஈரம் மிகுந்திருத்தலால் அத்துணைப் பயன் தராது.

ஆகாரத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. புறப்படும்போதே பருப்பை ஊறவைத்துவிட்டால், தங்குமிடம் சேர்வதற்குள் அது பாதி பதப்பட்டு எரிபொருளை மிச்சப்படுத்தும். கொதிவந்த சோற்றுப் பானையை இறுக மூடிக் கம்பளியாற் சுற்றி வைத்தால், எஞ்சிய வேக்காட்டைத் தன் சூட்டினாலேயே அது முடித்துக்கொள்ளும். கேழ்வரகு மாவும் புளிக்காய்ச்சலும் இருக்குமிடத்தில் பட்டினிக்கு இடமில்லை என்பதை இவ்வூரார்க்கு நாம் சொல்லவும் வேண்டுமோ?

கொசுவின் தொல்லைக்குப் பலர் செய்யும் பரிகாரம் அபாயகரமானது. கதவுகளையும் கண்ணாடிகளையும் அடைத்துக்கொண்டு உள்ளே கொசுவர்த்தி கொளுத்துதல் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு. உள்ளே அடுப்பெரித்தலும், குளிர்காற்றின்பொருட்டு எஞ்சினை ஓடவிட்டு உறங்குதலும் உயிரையே போக்கவல்லன. அவற்றால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு நிறமும் மணமும் அற்றதாகலின், உறங்குவோன் விழிக்குமுன்னரே அவனை மாய்த்துவிடும். கொசுவலையைச் சன்னலளவுக்கு வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்து, மடிப்பினுள் சிறு காந்தத் துண்டுகளை இட்டால், அது இரும்புக் கதவோடு தானே ஒட்டிக்கொள்ளும். செலவு அற்பம், காற்றும் வரும், கொசுவும் வாராது. லாரிக்கு அடியில் நிழலுண்டென்று படுப்பதை மட்டும் எக்காரணத்தாலும் செய்யலாகாது. கீழே ஆள் இருப்பதை அறியாது வண்டியை எடுத்ததனால் நேர்ந்த மரணங்கள் பல.

கற்றவர் சிலர், சாக்கும் வலையும் ஒரு கட்டுரைக்குப் பொருளாகுமோ என்று வினவலாம். தொப்பூர்க் கணவாயை நினைப்பார்க்கு அவ்வையம் எழாது. பெங்களூர்ப் பக்கத்தினின்று வரும் பாரவண்டிகள் தருமபுரியைக் கடந்து அவ்விறக்கத்தின் வழியே சேலத்துச் சமவெளியை அடைகின்றன. 2020 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அங்கு ஒரு லாரி பல வாகனங்களின்மீது மோதியதில் நால்வர் மாண்டனர். 2024 ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஒரு விபத்தில் நால்வர் உயிர் நீத்தனர். இவ்விறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்தக் கருதி வண்டியை நியூட்ரலில் விடுவோர், எஞ்சினின் பிடியை இழந்து பாரம் முழுவதையும் பிரேக்கின்மேற் சுமத்துகின்றனர். பிரேக் சூடேறித் தன் வலியை இழக்கின்றது. தக்க கியரில் இறங்க வேண்டுமென்பதை அறியாத ஓட்டுநர் அரியர். ஆயின் இரண்டு நாள் செவ்வனே உறங்காதவனுக்கு அறிந்தது உரிய கணத்தில் நினைவுக்கு வருதல் அரிது. ஆதலின் வடக்கிருந்து வருவோர் களைத்திருப்பின், கணவாய்க்கு முன்னரே தருமபுரிப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கூரைக்குத் தட்டி கட்டி, சில மணி நேரமேனும் உறங்கிச் செல்லுதல் நலம்.

மோட்டார்த் தொழிலாளர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குமேல் உழைத்தலாகாதென்பது 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொதுவிதியாயிருந்தது. சாலையில் அது எத்துணைக் கைக்கொள்ளப்பட்டதென்பதை எந்த லாரிக்காரரும் சொல்லுவர். பாரவண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டுமென்னும் விதி 2025 ஆம் ஆண்டிலிருந்து செய்யப்படும் புது வண்டிகளையே பற்றியது. அதற்குமுன் செய்யப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளில் துயில்வோர்க்கு ஈரச்சாக்கும் கீற்றுத்தட்டியுமே துணை.