முன்சக்கரம் மட்டும் ஏன் கறுக்கிறது?

காரைக் கழுவி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது; அலாய் வீலில் கறுப்புப் படலம். அதுவும் பின்சக்கரத்தைவிட முன்சக்கரத்தில்தான் அதிகம். ஏன்?

பிரேக்கை மிதித்ததும் காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குகளுக்கே. பிரேக் பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும்போது இரண்டுமே தேய்கின்றன. டிஸ்க் வார்ப்பிரும்பு, பல பேடுகளிலும் இரும்புத்தூளோ எஃகு இழையோ உண்டு. சூடாக உதிரும் இந்தத் துகள்கள் சக்கரத்தில் படிந்து, ஈரம் பட்டதும் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன.

எப்படிப் போக்குவது? சக்கரம் ஆறிய பிறகு முதலில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும்; உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். அடுத்து கார் ஷாம்பூ, மென்மையான பிரஷ். அதற்கும் அசையாத கறைக்கு அயர்ன் ரிமூவர். அதிலுள்ள தயோகிளைகோலேட் இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறமாக வழியும். அது உலரும் முன் அலசிவிட வேண்டும். வீரியமான அமிலமோ அலுமினியத்தையே அரித்துவிடும்.

செராமிக் பேடில் தூசு குறைவு. மின்சாரக் கார்களில் மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் பேட் தேய்வதும் குறைவு. ஐரோப்பாவின் யூரோ 7 விதி பிரேக் தூசுக்கும் வரம்பு வைத்திருக்கிறது: பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3.