ரிச்சி தெருவில் மிஞ்சிய ரிலே

சென்னை ரிச்சி தெருவில் இருக்கும் என் கடைக்கு ரிலே போர்டு மூட்டையில்தான் வரும். ஸ்டெபிலைசரோ கன்ட்ரோல் பேனலோ செய்கிற கம்பெனி மாடலை மாற்றிவிட்டால், பழைய மாடலுக்கென்று செய்துவைத்த போர்டுகள் தேங்கிவிடும். மொத்த லாட்டாக விலை பேசி எடுத்து வருவோம். பிரித்தால் பாதி, கம்பியே படாத புதுசு. பேனலில் ஓடிக் கழன்றவையும் கலந்திருக்கும். ஸ்க்ரூ தலையில் கீறல் இருந்தால் ஓடியது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே தட்டில் கொட்டி ஒரே விலை சொல்வது எனக்குப் பிடிக்காது.

வாங்க வருகிறவர்களில் கல்லூரி மாணவர்கள் அதிகம். மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விட ஆசைப்படும் பெரியவர்களும் உண்டு. "அண்ணா, இது ஆர்டுயினோல ஓடுமா?" என்பார்கள். புரோகிராம் எழுதி ஓட்டும் அந்தச் சின்னப் போர்டில் ஓடும், நேரடியாக இல்லை.

ரிலே என்பது காந்தம் இழுக்கும் சுவிட்ச். அதன் கம்பிச் சுருளான காயிலில் சிறிது மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தகடு இழுபட்டு, அதோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் 230 வோல்ட் இணைப்பைச் சேர்த்துவிடும். சாதாரண 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு பின் 40 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. நடுவில் டிரான்சிஸ்டரோ யூஎல்என்2003 சிப்போ வேண்டும். காயிலை நிறுத்தும் நொடியில் எதிர் வோல்ட்டேஜ் எகிறும். டிரான்சிஸ்டர் வைத்தால் அதைத் தடுக்க டையோடு ஒன்றும் போட வேண்டும். அந்தச் சிப்பில் டையோடு உள்ளேயே இருக்கிறது.

தொழிற்சாலைப் போர்டுகள் பெரும்பாலும் 24 வோல்ட். அதைக் கேட்டதும் தம்பிகள் கீழே வைத்துவிடுவார்கள். விலை குறைவதும் அதனால்தான். ஒரு 24 வோல்ட் சப்ளை வாங்கினால் தீர்ந்தது. ரிலே மேல் எத்தனை வோல்ட் என்ற எழுத்து அழிந்திருந்தால் மீட்டரை ஓம்ஸில் வைத்துக் காயிலை அளக்கலாம். இந்தச் சின்ன ரிலேக்களில் 5 வோல்ட்டுக்கு 70 ஓம் அளவில் காட்டும், 12-க்கு 400, 24-க்கு 1600.

ரிலே தலையில் அச்சிட்ட '10 ஆம்பியர்' என்பதைத்தான் எல்லோரும் தவறாக நம்புகிறார்கள். அது ரிலேயின் அளவு. போர்டில் ஓடும் மெல்லிய செம்புத் தடம் அவ்வளவு தாங்குமா என்பது வேறு கணக்கு. கிணற்று மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் எடுக்கும். கான்டாக்ட் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. மோட்டாருக்கு என்று யாராவது கேட்டால் நான் ரிலே போர்டை மட்டும் கொடுத்தனுப்புவதில்லை. மோட்டாரை, பெரிய கரண்டுக்கென்றே செய்த சுவிட்சான கான்டாக்டர் சுமக்கட்டும், அதன் காயிலை ரிலே இயக்கட்டும்.

வாங்குமுன் கடையிலேயே சப்ளை கொடுத்துப் பாருங்கள். 'டிக்' சத்தம் மட்டும் போதாது, கான்டாக்ட் கருகியிருந்தாலும் அது கேட்கும். மீட்டரில் காமன் முனையும், காயில் இழுக்கும்போது மட்டும் அதோடு சேரும் என்ஓ முனையும் சேர்கிறதா, ஓம்ஸ் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். மீட்டர் வைக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.